மானியம் எங்க கிடைக்கும்?



மாசத்துக்கு ரெண்டு மூணு பேராவது சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ எனக்கு போன் பண்ணுவாங்க. பேச்சு ஒரே மாதிரிதான் போகும். மழை பேஞ்சுதா, மல்லாட்டை எப்படி இருக்குன்னு விசாரிப்பாங்க. அப்புறம் மெதுவா விஷயத்துக்கு வருவாங்க. "ஐயா, வேலையை விட்டுட்டு ஊர்ப் பக்கம் வந்து சின்னதா ஒரு தொழில் பண்ணலாம்னு இருக்கேன். நாலு பேருக்கு வேலை கொடுத்த மாதிரியும் இருக்கும். கவர்மெண்டுல என்ன மானியம் கிடைக்கும்?"

கேட்கிறதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் போன்ல அரைமணி நேரம் சொல்ல வேண்டியிருக்கு. அதனால எங்க ஊர்ல ஆறு பொம்பளைங்க செக்கு போட்ட கதையோட சேர்த்து இங்க எழுதிடறேன். அந்த ஆறு பேர்ல எங்க வீட்டு அம்மாவும் ஒருத்தர். பத்தாவது படிச்சவன்ங்கிற ஒரே தகுதியில பேப்பர் தூக்கிக்கிட்டு அலைஞ்சவன் நான்.

முதல்ல மானியம்ங்கிற வார்த்தையைப் பத்திச் சொல்லணும். விவசாயிக்கு மானியம்னா ஞாபகத்துக்கு வர்றது சொட்டு நீர்ப் பாசனம். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75 சதவீதம். சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று கொடுத்தா கம்பெனிக்காரங்க வந்து குழாய் போட்டுட்டுப் போயிடுவாங்க. கையிலிருந்து பெருசா ஒண்ணும் போகாது. இந்தப் பழக்கத்துல, தொழில் மானியமும் இப்படித்தான் இருக்கும்னு ஊர்ல நினைக்கிறாங்க. பட்டணத்துலயும் அப்படித்தான் நினைக்கிறாங்கன்னு போன் பேசும்போது தெரியுது.

தொழில் மானியம் அப்படி இல்ல. பெரும்பாலும் அது பேங்க் கடனோட வால்ல கட்டின மானியம். கடன் கிடைச்சாத்தான் மானியம். கடன் ஒழுங்கா இருந்தாத்தான் அது உங்களுதாகும்.

நாங்க போனது 2020-ல் ஆரம்பிச்ச ஒரு மத்திய அரசுத் திட்டத்துக்கு. பிரதம மந்திரியின் உணவுப் பதப்படுத்தும் குறுநிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம்னு நீளமான பேரு. ஆபீஸ்ல பி.எம்.எஃப்.எம்.இ.ன்னு சொல்வாங்க. எண்ணெய், ஊறுகாய், மாவு, மசாலா மாதிரி உணவுத் தொழில் செய்யற சின்ன ஆளுங்களுக்கானது. திட்டச் செலவுல 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் 10 லட்சம். ஒரு குடும்பத்துக்கு ஒருத்தருக்குத்தான். குறைஞ்சது 10 சதவீதம் நம்ம கைக்காசு போடணும். மீதிக்கு பேங்க்ல கடன் வாங்கணும்.

எங்க கணக்கையே சொல்றேன். செக்கு, மல்லாட்டை உடைக்கிற மெஷின், வடிகட்டி, மும்முனை கரண்ட் கனெக்‌ஷன், கொட்டகைக்குத் தளம் எல்லாம் சேர்த்து 6 லட்சம். எங்க பங்கு 60,000. ஆறு பேர், ஆளுக்குப் பத்தாயிரம். பேங்க் கடன் 5,40,000. மானியம் 2,10,000. அந்த ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் நம்ம கைக்கு வராது. கடன் கொடுத்த பேங்க்லயே தனிக் கணக்குல உட்கார்ந்திருக்கும். மூணு வருஷம் தொழில் நடந்து, கடனும் வாராக்கடன் ஆகாம இருந்தா, அதைக் கடன்ல கழிச்சுக்குவாங்க. நடுவுல நாம தவணை கட்டாம கடன் கெட்டுப்போச்சுன்னா, பேங்க் அதைத் தன் பாக்கிக்கு எடுத்துக்கும்.

ஆக, முதல் மூணு வருஷம் மானியம் இல்லாத மாதிரியே நெனச்சுத்தான் தொழிலை நடத்தணும். அந்த மூணு வருஷத்தைத் தாங்குற தொழிலா இதுங்கிறதுதான் முதல் கேள்வி. மானியம் எங்க கிடைக்கும்ங்கிறது ரெண்டாவது கேள்வி.

எங்க ஊரு வந்தவாசிப் பக்கம். மல்லாட்டைதான் எங்களுக்குச் சோறு. கமிட்டிக்கு மூட்டை கட்டிக்கிட்டுப் போனா அன்னிக்கு என்ன விலையோ அதுதான். அதே மல்லாட்டை எண்ணெயா மாறி சென்னையில மரச்செக்கு எண்ணெய்னு பாட்டில்ல நிக்கும்போது விலையே வேற. இதைப் பார்த்துப் பார்த்து, குழுக் கூட்டத்துல ஒரு நாள் எங்க மேட்டுத்தெரு அக்காதான் ஆரம்பிச்சாங்க. "நம்ம காட்டுல விளையுது, நாமளே ஆட்டினா என்ன?"

மேட்டுத்தெரு அக்காவைப் பத்திச் சொல்லணும். வீட்டுக்காரர் போய் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒன்றரை ஏக்கர் மானாவாரி, ரெண்டு பொண்ணுங்க. படிப்பு அஞ்சாவது. கணக்கு மட்டும் வாயிலேயே போட்டுடுவாங்க.

உடனே மெஷின் பார்க்கக் கிளம்பின மத்தவங்களை நிறுத்தினதும் அந்த அக்காதான். "ஆட்டறதுக்கு டவுன்ல ஆயிரம் செக்கு இருக்கு. வாங்கறதுக்கு ஆள் இருக்காங்களான்னு முதல்ல பாரு"ன்னாங்க. ஆளுக்கு ரெண்டாயிரம் போட்டு, 100 கிலோ மல்லாட்டையை உடைச்சாங்க. 70 கிலோ பருப்பு வந்துச்சு. டவுன்ல ஒரு செக்குல கூலிக்கு ஆட்டினாங்க. ரெண்டரைக் கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர்ங்கிற கணக்குல 28 லிட்டர். செய்யாறு, காஞ்சிபுரத்துல சொந்தக்காரங்க வீடு, தாம்பரத்துல எங்க தம்பி இருக்கிற அபார்ட்மெண்ட்னு வித்தோம். ஒரு வாரத்துல காலி.

அஞ்சு மாசம் இப்படியே ஓடுச்சு. ஒரு நாப்பது பக்க நோட்டுல யார் எத்தினி லிட்டர் வாங்கினாங்க, திரும்ப வாங்கினாங்களா, பருப்பு என்ன விலை, ஆட்டுக்கூலி, பாட்டில், பஸ் சார்ஜ், புண்ணாக்கு வித்தது, எல்லாத்தையும் எங்க வீட்டு அம்மா எழுதினாங்க. அஞ்சாவது மாசம் 180 லிட்டர் போச்சு. எல்லாச் செலவும் போக லிட்டருக்கு 35 ரூபாய் நின்னுது. சொந்தச் செக்கு இருந்தா ஆட்டுக்கூலி மிச்சம், ஆனா கரண்டும் ஆள் கூலியும் சேரும். எப்படிப் பார்த்தாலும் 45 ரூபாய் நிக்கும்னு கணக்கு. இந்த நோட்டு பின்னால எவ்வளவு பெரிய வேலை செஞ்சுதுன்னு அப்புறம் சொல்றேன்.

மானியத்துக்கு விண்ணப்பம் போடப் போறோம்னு தெரிஞ்சதும் முதல்ல வந்தது ஒரு புரோக்கர். வெள்ளைச் சட்டை, பைக், கையில ஃபைல். "எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன், வர்ற மானியத்துல பத்துல ஒண்ணு எனக்கு. முன்பணம் அஞ்சாயிரம்."

இந்த இடத்துல எல்லாரும் ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இந்தத் திட்டத்துல மாவட்ட வள நபர்னு அரசே ஆளுங்களை வெச்சிருக்கு. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதித் தர்றது, ஆன்லைன்ல விண்ணப்பம் போடறது, பேங்குக்குக் கூட வர்றது, லைசென்ஸ் எடுத்துத் தர்றது எல்லாம் அவங்க வேலை. ஒரு கடன் ஒப்புதல் ஆனா அவங்களுக்கு 20,000 ரூபாயைத் திட்டமே கொடுக்குது. பாதி கடன் ஒப்புதல் ஆனதும், மீதி தொழில் ஆரம்பிச்சு பதிவெல்லாம் முடிஞ்சதும். நாம ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்ல. புரோக்கர் விக்கிறது, நமக்கு ஏற்கெனவே சும்மா கிடைக்கிற சேவையைத்தான்.

அதே மாதிரி உத்யம் பதிவு. சின்னத் தொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு அது. ஆதாரும் பான் கார்டும் இருந்தா அரசோட தளத்துல இலவசம். அதுக்கு ரெண்டாயிரம், மூவாயிரம்னு வாங்குறவங்க எத்தினியோ பேர் இருக்காங்க. உணவுப் பாதுகாப்புத் துறையோட அடிப்படைப் பதிவுக்கு, அப்ப இருந்த விதிப்படி வருஷ வியாபாரம் 12 லட்சத்துக்குள்ள இருந்ததால, வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்டினோம். அதை எண்ணெய் விக்க ஆரம்பிக்கும்போதே எடுத்துட்டோம்.

புரோக்கருக்கு அடுத்து மெஷின் கம்பெனிக்காரர் வந்தார். இவர் பேச்சு இன்னும் இனிப்பு. "6 லட்சம் மெஷினுக்கு 9 லட்சத்துக்கு கொட்டேஷன் தரேன். மானியம் 3,15,000 வரும். உங்க கைக்காசு பத்து சதவீதம் போட்டதா ரசீது நானே தரேன். நீங்க ஒரு ரூபா போட வேண்டாம். மிச்சப் பணத்துல உங்களுக்கும் கொஞ்சம் திரும்பித் தரேன்."

ஆறு பேர்ல ரெண்டு பேர் முகம் மலர்ந்துடுச்சு. அவங்களைக் குறை சொல்ல முடியாது. பத்தாயிரம் ரூபாய் புரட்டறது அவங்களுக்குச் சாதாரணம் இல்ல. மேட்டுத்தெரு அக்காவே ரெண்டு பவுன் செயினை அடகு வெச்சுத்தான் பங்கு போட இருந்தாங்க.

அக்கா என்னைப் பார்த்துக் கேட்டாங்க. "தம்பி, ரெண்டுக்கும் மாசத் தவணை எத்தினி வரும்?"

போன்லயே போட்டுப் பார்த்தேன். 11 சதவீத வட்டி, அஞ்சு வருஷம். 5,40,000-க்கு மாசம் 11,700 போல. 9 லட்சம் கொட்டேஷன்ல கடன் 8,10,000. அதுக்கு மாசம் 17,600.

"ஒண்ணுக்கு 260 லிட்டர் விக்கணும். இன்னொண்ணுக்கு 390 லிட்டர் விக்கணும். நாம இப்ப விக்கிறது 180. இருநூத்து அறுபது வித்துடலாம், ஊருக்குக் கூலிக்கு ஆட்டினாலும் கொஞ்சம் வரும். முன்னூத்தித் தொண்ணூறுக்கு எங்க போறது? அந்த ஆள் கொடுக்கிற காசு தீவாளிக்குள்ள செலவாயிடும். தவணை அஞ்சு வருஷம் நிக்கும்."

அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. பொய்க் கொட்டேஷன் தப்புன்னு நானும் சொன்னேன். ஆனா அவங்களை நிறுத்தினது என் நியாயம் இல்ல, அந்த நோட்டுல இருந்த 180 லிட்டர்தான். இந்த மாதிரி கொட்டேஷன்ல மெஷின் வாங்கி, ஆறே மாசத்துல பூட்டின கொட்டகைகளை எங்க சுத்துவட்டாரத்துலயே நாலஞ்சு காட்ட முடியும். மெஷின் மேல பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கல. மானியத்துக்காக மெஷின் வாங்கினவங்க அவங்க.

அப்புறம் பேங்க். ஆறு பேரும் பங்குதாரர் ஒப்பந்தம் எழுதி, நிறுவனத்து பேர்ல பான் கார்டு வாங்கி, வள நபர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டோட போனோம். முதல்ல போன பேங்க்ல நிலப் பத்திரம் கேட்டாங்க. ஈடு இல்லாம முடியாதுன்னாங்க. சிறு தொழில் கடன் 10 லட்சம் வரைக்கும் சொத்து ஈடு கேட்கக்கூடாதுங்கிறது அப்ப ரிசர்வ் வங்கியோட விதியா இருந்துச்சு. அந்த மாதிரிக் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கவே தனியா ஒரு நிதி அமைப்பு இருக்கு. இதை நான் மரியாதையாத்தான் சொன்னேன். "எங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம்"னு பதில் வந்துச்சு. சரின்னு வந்துட்டோம். சண்டை போட்டு வாங்கற கடன்ல நாளைக்குத் தினமும் அந்த முகத்துலதான் முழிக்கணும்.

ரெண்டாவது பேங்க்ல மேனேஜர் இளவயசுக்காரர். ரிப்போர்ட்டைப் புரட்டினார். அதுல முதல் வருஷ வருமானம், ரெண்டாம் வருஷ வருமானம்னு அச்சடிச்ச அட்டவணை இருந்துச்சு. அவர் அதைப் பெருசா எடுத்துக்கல. எல்லா ரிப்போர்ட்டும் அப்படித்தான் இருக்கும்போல. தலையைத் தூக்கிக் கேட்டார்.

"எண்ணெயை யாருக்கும்மா விப்பீங்க?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜை மேல வெச்சாங்க. "விப்போம் இல்ல சார், வித்துக்கிட்டு இருக்கோம். இதுல எல்லாம் இருக்கு."

எண்ணெய்க் கறை படிஞ்ச நோட்டு. மேனேஜர் பத்து நிமிஷம் அதைப் புரட்டினார். ஒரே வீடு அஞ்சு தடவை வாங்கியிருக்கிறதை விரல் வெச்சு எண்ணினார். ரிப்போர்ட்டைவிட இது நல்லா இருக்குன்னு சிரிச்சார். அன்னிக்கே எல்லார் சிபில் ஸ்கோரும் எடுக்கச் சொன்னார்.

அங்கதான் முட்டுக்கட்டை வந்துச்சு. மேட்டுத்தெரு அக்கா கொரோனா சமயத்துல ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்ல எட்டு வாரம் கட்டல. பாக்கி 6,400 ரூபாய் அப்படியே நின்னு, ஸ்கோர் அடிபட்டுக் கிடக்குது. ஒருத்தர் பேர்ல பாக்கி இருந்தாலும் மொத்த விண்ணப்பமும் நிக்கும்னு சொல்லிட்டாங்க.

பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போது அக்கா சொன்னாங்க, "என் பேரை எடுத்துடுங்க. அஞ்சு பேர் போட்டுக்கங்க. என்னால கெட வேண்டாம்."

யாரும் பதில் பேசல. செக்கு யோசனையே அந்த அக்காவோடது. கணக்கும் அவங்களோடது. எங்க வீட்டு அம்மாதான் கடைசியா வாயைத் திறந்தாங்க. "உன் பேரை எடுத்துட்டா நோட்டுல எவ கணக்கு சொல்லுவா?" அன்னிக்கு ராத்திரியே குழுவைக் கூட்டி, சேமிப்பிலிருந்து அக்கா பேர்ல உள்கடனா 6,400 கொடுத்துப் பாக்கியைக் கட்டிட்டாங்க. கட்டின ரசீதை வெச்சுக்கிட்டு, ஸ்கோர்ல மாற ஒரு மாசத்துக்கு மேல காத்திருந்தோம். அக்கா அந்த உள்கடனை வாரத்துக்கு இருநூறா அடைச்சாங்க.

2023 ஆரம்பத்துல கடன் ஒப்புதல் ஆச்சு. செக்கு வந்து இறங்கின அன்னிக்கு ஊரே கூடிடுச்சு. மானியம் அப்ப வரல. அதுக்கும் பல மாசம் கழிச்சுத்தான் வந்துச்சு. வந்த அன்னிக்கு மெசேஜ் பார்த்துட்டு, ஒரு தங்கச்சி என்கிட்ட ஓடி வந்தா. "அண்ணா, ரெண்டு லட்சம் வந்திருக்காமே, எப்ப பிரிச்சுக்கலாம்?" முன்னாடியே நாலு தடவை சொல்லியிருந்தும், பணம் வந்துடுச்சுன்னதும் ஆசை வரத்தானே செய்யும். திரும்பவும் உட்கார்ந்து சொன்னேன். அது பேங்க்ல இருக்கு, நம்மளுது மாதிரி, ஆனா இன்னும் நம்மளுது இல்லன்னு. மேட்டுத்தெரு அக்கா செயின் மானியத்துல மீளல. ஒன்றரை வருஷம் எண்ணெய் வித்த காசுலதான் மீண்டுது.

சரி, இது ஒரு கதவுதான். வேற கதவுகளும் இருக்கு. சுருக்கமா சொல்றேன். விதிகள் அப்பப்ப மாறும், மாவட்டத் தொழில் மையத்துல ஒரு தடவை நேர்ல விசாரிச்சுக்கங்க.

உணவு இல்லாத தொழிலுக்குப் பெரிய கதவு பி.எம்.இ.ஜி.பி. உற்பத்தின்னா 50 லட்சம் வரைக்கும் திட்டம், சேவைன்னா 20 லட்சம் வரைக்கும். கிராமத்துல ஆரம்பிச்சா பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம் மானியம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் மாதிரி சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீதம். இதுலயும் மானியம் மூணு வருஷம் பேங்க்ல டெபாசிட்டா நிக்கும். மாநில அரசோட வேலையில்லாத இளைஞர் திட்டத்துல 25 சதவீதம். வாழ்ந்து காட்டுவோம் திட்டத்துல வெச்சிருந்த இணை மானியம் எனக்குப் பிடிச்ச விதம். கடன்ல 70 சதவீதத்தை ஒழுங்கா கட்டி முடிச்சா, மீதி 30 சதவீதம் மானியமாக் கழியும். ஆரம்பத்துலயே ஏமாத்தம் இல்லாத கணக்கு.

மகளிர் குழுவுக்கு நான் சொன்ன உணவுத் திட்டத்துலயே ஒரு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதி உண்டு. அதையும் சும்மா வர்ற காசுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. அரசு அதைக் குழுக் கூட்டமைப்புக்குத்தான் மானியமாக் கொடுக்குது. கூட்டமைப்பு உறுப்பினருக்குக் கடனாத்தான் தரும். திருப்பிக் கட்டினாத்தான் அடுத்த பொம்பளைக்குப் போகும். நல்ல ஏற்பாடுதான்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்னா, மத்திய அரசோட பத்தாயிரம் நிறுவனத் திட்டத்துல பங்கு மானியம் உண்டு. விவசாயி போட்ட பங்குத் தொகைக்குச் சமமா, ஆளுக்கு 2,000 வரை, நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை. இங்கயும் பாருங்க, விவசாயி முதல்ல போடணும். பிறகுதான் அரசு போடும்.

கடன் இல்லாத மானியமும் இருக்கு. அது போட்டி மானியம். தமிழ்நாடு அரசோட ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு டான்சீட்னு ஒண்ணு நடத்துது. 10 லட்சம் வரை, பெண்கள் நடத்துற நிறுவனம், கிராமத்துக்கானது மாதிரியானதுக்கு 15 லட்சம் வரை. விவசாயத்துல புதுசா ஏதாவது செய்யறவங்களுக்கு மத்திய அரசோட ராஃப்தார் திட்டத்துல ஆரம்ப யோசனைக்கு 5 லட்சம் வரை, அடுத்த கட்டத்துக்கு 25 லட்சம் வரை. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட தொழில் வளர்ப்பகம் மாதிரி இடங்கள் வழியாப் போகணும். புதுசு இருக்கணும் இதுக்கெல்லாம். இன்னொரு செக்குக்குத் தர மாட்டாங்க.

சமூகத் தொழில் பண்றேன், பெரிய கம்பெனிங்க சி.எஸ்.ஆர். பணம் தருமான்னு நிறைய பேர் கேட்கறீங்க. குறிப்பிட்ட அளவுக்கு மேல இருக்கிற கம்பெனிங்க, மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்தைச் சமூக வேலைக்குச் செலவு பண்ணணும்னு 2013 கம்பெனிச் சட்டம் சொல்லுது. ஆனா அந்தப் பணத்தை வாங்கிச் செலவு பண்ண அறக்கட்டளை, சங்கம், லாப நோக்கமில்லாத பிரிவு 8 நிறுவனம் மாதிரி இருக்கணும். 12ஏ, 80ஜி பதிவு வேணும். 2021 ஏப்ரல்ல இருந்து சி.எஸ்.ஆர்-1 பதிவும் வேணும். நீங்க பிரைவேட் லிமிடெட் ஆரம்பிச்சுட்டு நல்ல காரியம்தானேன்னு போய் நின்னா, வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. அதனால பேர் பதிவு பண்றதுக்கு முன்னாடியே, நாளைக்கு எந்தக் காசு வேணும்னு முடிவு பண்ணிக்கங்க. கடன்ல கட்டின மானியமா, போட்டி மானியமா, நன்கொடையா? ஒவ்வொண்ணுக்கும் வாசல் வேற.

இத்தனை கதவையும் எண்ணிப் பார்த்தா எனக்கு ஒண்ணு உறுத்துது. எல்லாக் கதவுக்கும் பூட்டு ஒண்ணுதான், எழுத்து. ரிப்போர்ட் எழுதணும், ஆன்லைன்ல ஏத்தணும், இங்கிலீஷ்ல வர்ற கேள்விக்குப் பதில் போடணும். போட்டி மானியத்துக்குன்னா ஸ்லைடு போட்டுப் பேசணும். ஒரு லிட்டர் எண்ணெய்கூட விக்காத பையன் அழகா ஸ்லைடு போட்டுக்கிட்டுப் போறான். அஞ்சு மாசம் வித்த நோட்டு கையில இருக்கிற பொம்பளைக்கு அந்த வாசப்படியே தெரியாது. நான் ஒருத்தன் பத்தாவது படிச்சுட்டு ஊர்ல சும்மா இருந்ததால இந்த ஆறு பேருக்கு வழி கிடைச்சுது. பக்கத்து ஊர்ல அப்படி ஆள் இல்ல. அங்க நல்லெண்ணெய் ஆட்டுற ஒரு குழு மூணு வருஷமா கூலிக்குத்தான் ஆட்டிக்கிட்டு இருக்கு.

அதனால மானியம் கேட்டு போன் பண்றவங்ககிட்ட இப்பெல்லாம் நான் திருப்பி ஒண்ணு கேட்கறேன். வேலையை விட வேண்டாம். கொட்டகை போட வேண்டாம். உங்க சொந்த ஊர்லயே ஏற்கெனவே எதையோ செஞ்சு வித்துக்கிட்டு இருக்கிற குழு ஒண்ணு இருக்கும். அப்பளமோ, சத்து மாவோ, பாய் பின்னறதோ. ரெண்டு ஞாயித்துக்கிழமை போய் அவங்களோட உட்காருங்க. அவங்க கணக்கை நோட்டுல எழுத வைங்க. விண்ணப்பத்தை நீங்க போட்டுக் கொடுங்க. வள நபர் யாருன்னு தேடிப் பிடிச்சு அறிமுகம் பண்ணி வைங்க. உங்க அபார்ட்மெண்ட்ல முப்பது வீட்டுக்குச் சரக்கு எடுத்துக்கங்க. இதுக்கு எந்தத் திட்டத்துலயும் மானியம் கிடையாது. ஆனா எல்லா மானியமும் தேடுறது இந்த முப்பது வீட்டைத்தான்.

அப்படியும் நானே தொழில் பண்ணணும்னு இருக்கறவங்க தாராளமா வாங்க. முதல் 28 லிட்டரை வித்துட்டு வாங்க. மீதியைப் பேசிக்கலாம்.

எங்க செக்கு இப்ப மாசம் 300 லிட்டருக்குக் கொஞ்சம் முன்ன பின்ன ஓடுது. சித்திரை, வைகாசியில கூலிக்கு ஆட்ட வரிசை நிக்குது. மழைக்காலத்துல மந்தம், அந்த ரெண்டு மாசத் தவணைக்காகப் பங்குனியிலேயே தனியா எடுத்து வெச்சுடறாங்க. ஒரு தவணைகூட இதுவரை தவறல. நோட்டு இப்ப நாலாவது நோட்டு. கணக்கு இன்னும் மேட்டுத்தெரு அக்காதான் சொல்றாங்க, எங்க வீட்டு அம்மா எழுதறாங்க. அந்த 2,10,000 ரூபாயை இன்னும் ஒருத்தரும் கண்ணால பார்க்கல.